கணக்கெடுப்புக்கு முன் நட்ட மரங்கள்

அன்றைக்கு அறையில் இருந்தவர்கள்:

விஜயராஜ், கம்பெனியின் எம்.டி. கம்பெனி என்பது மந்தாரக்குப்பத்தில் அவனுடைய அப்பாவின் பெயின்ட் கடைக்கு மேலே இருக்கும் ஒரு அறை.

எழில்மதி, படம் வரைகிறவள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறாள். எங்களில் உண்மையாகவே வேலை தெரிந்த ஒரே ஆள்.

திலகவதி அக்கா, எதிர் மாடித் தையல் வகுப்பின் டீச்சர். அன்று மட்டும் சவுண்ட் டிசைனர்.

அவரிடம் ஜாக்கெட் வெட்டக் கற்றுக்கொள்ளும் பெண்கள் சிலர். அன்று மட்டும் டெவலப்பர்கள்.

சரிதா, எங்களை வாங்குவதற்காகச் சென்னையிலிருந்து வந்தவர்.

வேணு, அவருடைய கார் டிரைவர். கீழே நிழல் இல்லாததால் மேலே வந்து உட்கார்ந்திருந்தார்.

நெடுமாறனாகிய நான். விசிட்டிங் கார்டில் கிரியேட்டிவ் டைரக்டர். வீட்டில் கேட்டால் சும்மா இருப்பவன்.

நாங்கள் செல்போனில் ஆடுகிற கேம்களைச் செய்கிறவர்கள். செய்து கடைபரப்பிவிட்டு, யாரும் சீந்தாததைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். இதற்கு முன் நான் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு நைட் ஷிஃப்டில் கேம் டெஸ்டராக இருந்தேன். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவனுக்கு வீட்டிலிருந்தே கிடைக்கக்கூடிய கௌரவமான வேலை. கௌரவம் என்று சொல்லிக்கொண்டது நான் மட்டும்தான். வேலை என்னவென்றால் சுவரில் முட்டுவது. கேமில் வரும் கோட்டைக்குள் ஒவ்வொரு சுவராகப் போய் முட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது ஆள் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிட்டால் எழுதி அனுப்ப வேண்டும். நிலக்கரி மைன்ஸில் மூன்றாம் ஷிஃப்ட் முடிந்து அப்பா வந்து வண்டியை நிறுத்தும்போது நானும் முட்டி முடித்திருப்பேன். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து இட்லி தின்போம். அவர் கண்ணில் கரித்தூள் இருக்கும். என் கண்ணில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் நான்தான் அதிகமாகத் தேய்த்துக்கொள்வேன்.

அந்தக் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியது. வாங்கிய கையோடு பாதிக் கேம்களை நிறுத்தினார்கள். என் கோட்டையும் நின்றது. நிறுத்திவிட்டோம் என்ற மெயில் ஷிஃப்டின் நடுவே வந்தது. படித்துவிட்டு விடியும்வரை சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன். லாக் அவுட் செய்யும்படி யாரும் சொல்லவில்லை.

அதனால் வாங்குகிறவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. சரிதாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் கம்பெனி பெயரின் மேல் ஒரு ஸ்டிக்கர், அதன் மேல் இன்னொரு ஸ்டிக்கர். சென்னைக் கம்பெனியை சிங்கப்பூர்க் கம்பெனி வாங்கியிருந்தது. சிங்கப்பூர்க் கம்பெனியை இன்னும் பெரிய ஒன்று வாங்கியிருந்தது. கடைசியாக வாங்கியவர்களுக்கு ஊர் ஊராகச் சின்ன ஸ்டுடியோக்கள் வேண்டுமாம். எதற்கு என்று விஜயராஜ் கேட்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் எதற்கு வருகிறீர்கள் என்றா கேட்பார்கள்? கையில் எத்தனை கேம் இருக்கிறது, பட்டியல் அனுப்புங்கள் என்று மட்டும் அவர்கள் கேட்டார்கள். எங்கள் கையில் இருந்தது வெளியிட்டுச் செத்துப்போன கேம் ஒன்று. செத்ததைப் பட்டியலில் சேர்க்க முடியாது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மைன்ஸுக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும், கணக்கெடுக்க ஆள் வருவதற்குள் சிலர் அவசரமாக மரம் நடுவார்கள்; மரத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனியாக நஷ்ட ஈடு உண்டு. முழங்கால் உயரத் தேக்கு நெல் நாற்றுமாதிரி நெருக்கமாக நிற்கும். வயலின் நடுவே ஹாலோ பிளாக்கில் ஒரு அறை முளைக்கும்; கூரை இருக்கும், அஸ்திவாரம் இருக்காது. கைப்பம்பு நிற்கும், அதற்குக் கீழே துளை இருக்காது. எண்ண வருகிறவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே எண்ணுவார். ஆனால் எண்ணி நம்பர் போட்டாகிவிட்டால் அதோடு சரி, அது மைன்ஸுக்குச் சொந்தம். அதன் பிறகு அந்த மரத்தில் ஒரு கிளையை நீங்கள் ஒடிக்கக் கூடாது. நேற்று நட்டதாக இருந்தாலும் முப்பாட்டன் நட்டதாக இருந்தாலும்.

வழக்கத்தின் முதல் பாதி விஜயராஜுக்கு ஞாபகம் வந்தது. "நாமளும் நடுவோம்டா" என்றான். இரண்டாம் பாதி எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நட்டோம். தேங்காய் உரிக்கும் கேம். எருமையைக் குளிப்பாட்டும் கேம். டவுன் பஸ்ஸை முட்டுச்சந்தில் ரிவர்ஸ் எடுக்கும் கேம். இப்படி ஏழு. பாதிக்கு மேல் முகப்புப் படம் மட்டும்தான். தொடங்கு என்ற பொத்தானை அழுத்தினால் "விரைவில்" என்று வரும். எழில் அந்த எருமையை வரைந்திருந்த அழகைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. பொய்க்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று கேட்டேன். எருமை பொய்யில்லையே என்றாள்.

ஏழாவதை நான் செய்தேன். ஒரே மத்தியானம். மனதில் இருந்த அத்தனை வெறுப்பையும் கொட்டிச் செய்தேன். ஒரு ஷேர் ஆட்டோ நிற்கும். ஆளைத் தொட்டுத் தொட்டு உள்ளே திணிக்க வேண்டும். மடியில், கம்பியில், டிரைவரின் இரண்டு பக்கமும், கூரைமேல், அளவே கிடையாது. ஒவ்வொரு ஆளும் நசுங்கும்போது ஒரு முனகல் கேட்கும். முனகியது விஜயராஜ். கூட்டம் அதிகமானதும் ஒரு போலீஸ்காரர் வந்து கையை நீட்டுவார். ஒரு விளம்பரத்தை முழுதாகப் பார்த்தால் விட்டுவிடுவார். கேம் தொழிலைக் காறித் துப்பியதாக நினைத்துக்கொண்டு அன்று மாலை டீக்கடையில் இரண்டு வடை கூடத் தின்றேன்.

எட்டு என்றால் நன்றாக இருக்கும் என்றான் விஜயராஜ். "உன்னோடதையும் போட்டுடட்டா?"

என்னுடையது என்று அவன் சொன்னது 'வூடு' என்கிற கேமை. கம்பெனி தொடங்கும் முன்பிருந்தே நான் செய்துகொண்டிருப்பது. மைன்ஸின் விளிம்பில் ஒரு வீடு. ஆட்டத்தில் ஒவ்வொரு நாளும் விளிம்பு கொஞ்சம் கிட்டே வரும். ஒரு மினி லாரி நிற்கும். அதில் கொள்வதைத்தான் ஏற்ற முடியும், மற்றது நின்றுபோகும். புது இடத்துக்குப் போனால் சில நாளில் அங்கேயும் விளிம்பு வரும். ஜெயிக்க வழியில்லை. கடைசி வீடும் போன பிறகு அந்த போனில் கேம் மறுபடி திறக்காது. ஒரு போனுக்கு ஒரு தடவை. அவ்வளவுதான்.

திரும்பத் திரும்ப ஆட வைப்பதுதான் இந்தத் தொழிலின் முழுப் பிழைப்பு. ஒரே தடவை ஆடுகிற கேமைச் செய்வது, ஒரே தடவை எரிகிற அடுப்பை விற்பது போல. இது எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் பெருமையாக இருந்தது. டெஸ்ட் செய்யும்போது மட்டும் அந்தத் தடையை எடுத்துவைக்கலாம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நான் செய்யவில்லை. கொள்கை. அதனால் மந்தாரக்குப்பத்தில் எனக்குத் தெரிந்தவர்களின் போன்கள் எல்லாம் தீர்ந்துபோயின. பஸ் நிறுத்த டீக்கடைக்காரர் நான் வருவதைப் பார்த்தாலே போனை எடுத்து மடியில் செருகிக்கொள்வார்.

போட்டுக்கொள் என்றேன் விஜயராஜிடம். நடுவே ஒரு நிஜ மரம் நின்றால்தான் மற்றதெல்லாம் மரமாகத் தெரியும் என்று விளக்கம்வேறு சொன்னேன்.

சரிதா வந்தார். நாற்பது வயதிருக்கும். பொறுமையான, களைத்த முகம். நிறைய ஊர்களில் நிறையப் பேருடைய ஆசைகளை வரிசையாகப் பார்த்துவிட்டு வந்தவர் என்று தெரிந்தது. முதலில் தையல் வகுப்புப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போனார். திலகவதி அக்கா மௌஸை இஸ்திரிப் பெட்டி மாதிரி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். எதில் வேலை செய்கிறீர்கள் என்று சரிதா கேட்டார்.

"எது குடுத்தாலும் முடிச்சிக் குடுத்துடுவேங்க மேடம்" என்றார் அக்கா. "அளவு மட்டும் சரியா இருக்கணும்."

சரிதா தலையாட்டிவிட்டு நகர்ந்தார். எருமையைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். "விரைவில்" என்று வந்த ஒவ்வொரு தடவையும் புரிந்தது என்பதுபோல ஒரு சின்னத் தலையாட்டல். பிறகு 'வூடு' இருந்த போனை எடுத்தார்.

நான் அவருக்குப் பின்னால் நின்றேன். உட்கார முடியவில்லை. முதல் நடையில் எல்லாரும் பீரோவைத்தான் ஏற்றுவார்கள். அவர் ஆட்டுக்கல்லை ஏற்றினார். இரண்டாவது வீட்டில் எதையும் ஏற்றாமல் மாட்டுக்கொட்டாயையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி காலியாகப் போய்விட்டது. அப்படி ஒரு வழி என் கேமில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைசி வீடும் போனதும் திரையை ஒருமுறை தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

"திரும்ப ஆட முடியாதா?"

"முடியாது மேடம்."

"வேணும்னே அப்படிச் செஞ்சதா?"

ஆமாம் என்றேன். எதையோ வேண்டுமென்றே விழுங்கிவிட்டு வந்திருக்கும் நோயாளியை டாக்டர் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நல்லாருக்கு. ஒரு கேம் முடிச்சதும் கொஞ்ச நேரம் சும்மா உட்காரணும்னு தோணி ரொம்ப நாளாச்சு. ஆனா இத நான் மேல யாருக்கும் காட்ட மாட்டேன். காட்டினா அடுத்த ஊருக்கு என்னை அனுப்ப மாட்டாங்க."

அந்த நேரத்தில்தான் மூலையிலிருந்து விஜயராஜின் முனகல் கேட்டது. நிஜ விஜயராஜ் என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றான். மறுபடியும் முனகல். கூடவே ஒரு சிரிப்பு. டிரைவர் வேணு, மேஜைமேல் கிடந்த போன் ஒன்றை எடுத்துக் கூரைமேல் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் வந்தார். வேணு விளம்பரத்தை முழுதாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "கரெக்டுதான், இவன் இல்லாம ரோடு ஏது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி திணிக்கத் தொடங்கினார். சரிதா எழுந்து போய் அவருக்குப் பின்னால் நின்றார். கிளம்பலாமா என்று இரண்டு முறை கேட்டார். வேணு இதோ மேடம், இதோ மேடம் என்றாரே தவிரத் தலையைத் தூக்கவில்லை.

இந்த போலீஸ்காரர் யோசனை யாருடையது என்று சரிதா கேட்டார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன்.

அடுத்த வாரமே மெயில் வந்தது. எங்களை எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் மூன்று பேருக்கும் வேலை. ஷேர் ஆட்டோவைப் பெரிதாக வெளியிடப்போகிறார்கள். பட்டியலில் உள்ள மற்ற ஏழும் அவர்களிடம் உள்ளே இருக்கும். உள்ளே இருக்கும் என்றால் என்ன என்று விஜயராஜ் போனில் கேட்டான். வெளியிட மாட்டார்கள், திருப்பியும் தர மாட்டார்கள் என்று பதில் வந்தது. வேலையில் இருக்கிறவரை நாங்கள் யாரும் சொந்தமாக வேறு எதுவும் செய்யக் கூடாது. எருமையையும் தேங்காயையும் கூடவே என் வீட்டையும் ஒரே இருட்டறையில் போட்டுப் பூட்டப்போகிறார்கள்.

அப்போதுதான் வழக்கத்தின் இரண்டாம் பாதி எனக்கு ஞாபகம் வந்தது.

சரிதாவைக் கூப்பிட்டேன். என் கேமை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். பட்டியல் மேலே போய்விட்டது, ஒவ்வொன்றுக்கும் நம்பர் விழுந்துவிட்டது என்றார். ஒன்றை எடுத்தால் ஏன் என்று மேலே ஒருவர் படிப்பார். படிக்க ஆரம்பித்தால் மற்றதையும் படிப்பார்.

"உங்க லிஸ்ட்ல எத்தனை நிஜம்னு எனக்குத் தெரியும் நெடுமாறன். அந்த அக்கா என்ன வேலை பார்க்கறாங்கன்னும் தெரியும். யாரும் படிக்காத வரைக்கும் எல்லாருக்கும் நல்லது."

கையெழுத்துப் போட மறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கான வசனங்களை, அப்பாவுக்கு மைன்ஸில் கொடுத்த குவார்ட்டர்ஸின் குளியலறைக் கண்ணாடியில் ஒத்திகை பார்த்தேன். முகம் நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்தபோது அப்பா முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன தருகிறார்கள் என்று கேட்டார். வேலை என்றேன்.

"பெர்மனன்ட்டா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அப்புறம் என்னா?" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

அப்பாவுக்கு வேலை வந்தது எங்கள் நிலம் போனதால். நான் பிறந்ததே இந்த குவார்ட்டர்ஸ் பிளாக்கில்தான். மண்ணை விட்டுப் போகிறவர்களின் துயரத்தைப் பற்றி நான் கேம் செய்தது, அந்த மண்ணுக்குப் பதிலாகக் கிடைத்த வீட்டில் உட்கார்ந்து, அந்த மண்ணிலிருந்து எடுத்த கரியில் எரிகிற கரண்டில். அதையும் சல்லிசான கரண்டு என்பதால் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடவிட்டேன். இதை முன்பே யோசித்திருந்தால் கேமை முடித்திருக்க மாட்டேன். நல்லவேளை, நான் அதிகம் யோசிக்கிறவன் இல்லை. யோசிப்பதுபோல மூஞ்சியை வைத்துக்கொள்கிறவன்.

மறுநாள் அறைக்குப் போனேன். விஜயராஜ் கீழே கடையில் யாருக்கோ பச்சை கலந்துகொண்டிருந்தான். எழில் மட்டும் இருந்தாள். ஷேர் ஆட்டோவுக்குப் புதுப் பயணிகளை வரைந்துகொண்டிருந்தாள். ஒத்திகை பார்த்த வசனங்களை அவளிடம் சொன்னேன். பெரிய மீன்கள், சின்ன மீன்கள், ஒரு படைப்பைப் புதைப்பது, நாம் மூவரும் சேர்ந்து மறுப்பது. அவள் ஒரு கிழவரின் மூக்கை முடிக்கும்வரை என்னைப் பேசவிட்டாள்.

"முடிஞ்சுதாண்ணா?" என்றாள். "நெலம் எடுக்கறப்ப வேலை வேணாம், பணமா குடுங்கன்னு எங்க அப்பா கேட்டு வாங்கிக்கினாரு. அது வந்துச்சு, போச்சு. எங்க அண்ணன் இன்னிக்கும் கான்ட்ராக்ட்ல கன்வேயருக்கு அடியில கரி வாரிகினு இருக்கான். உங்க வூட்ல வேலைய வாங்கினாங்க, நீங்க உக்காந்து கேம் செய்யறீங்க. எனக்கு இந்த வேலை வேணும். உங்களுக்கு வேணாம்னா நீங்க போங்க. என்னையும் சேத்துகினு போவாதீங்க."

'வூடு' கேமே உங்களைப் போன்றவர்களைப் பற்றியதுதானே என்றேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது. ஆனாலும் சொன்னேன்.

"அதுல இருக்கற மாட்டுக்கொட்டாய் யாரு வரைஞ்சது?"

"நீதான்."

"எங்க கொட்டாய் அது. இடிக்கறதுக்கு முன்னாடி நான் பாத்து பாத்து வரைஞ்சு வச்சது. அத லிஸ்ட்ல போடறப்ப என்னாண்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. என்னுடையதையும் போடட்டுமா என்று விஜயராஜ் என்னைக் கேட்டான். நான் அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இந்த மாதிரி நேரங்களில் கிரியேட்டிவ் டைரக்டர்கள் டீ குடிக்கப் போவார்கள். போனேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் போனைத் தேடினார். வேண்டாம் அண்ணே, டீ மட்டும் என்றேன்.

அந்த டீயிலிருந்து கையெழுத்து நாள்வரை ஒன்றை மட்டும்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். விஜயராஜ், எழில் இருவரின் வேலையும் கெடக் கூடாது. என் கேமும் உள்ளே போகக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் அளவுக்காவது ஓட்டை இருக்க வேண்டும். சுவர் சுவராக முட்டிப் பார்த்த அனுபவம் எனக்கு இருக்கிறது. இருந்தும் ஓட்டை கிடைக்கவில்லை.

சரிதா காகிதங்களோடு வந்தார். இந்த முறை தையல் வகுப்பு வரவில்லை. நாங்கள் மூவரும் அவரும் மட்டும். விஜயராஜ் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். காகிதங்கள் என் பக்கம் வந்தபோது, என்னை விட்டுவிட்டு இவர்கள் இருவரை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று சரிதாவிடம் கேட்டேன். எழில் நிமிர்ந்து பார்த்தாள். விஜயராஜ் கெட்ட வார்த்தை ஒன்றைத் தொண்டைக்குள்ளேயே முழுங்கினான்.

"உங்களுக்கு அந்தக் கேம் வெளிய வரணும். அவ்ளோதானே?" என்றார் சரிதா.

ஆமாம் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு தானும் ஒரு காலத்தில் கேம் செய்தவர்தான் என்று சொன்னார். முதல் ஸ்டிக்கருக்கு முந்தின காலம். அது இப்போது எங்கே கிடக்கிறது என்று அவருடைய கம்பெனிக்கே தெரியாதாம். தேடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாராம், அதன் நம்பரைக் கேட்டார்களாம். இதைப் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒரு கேம எடுக்கறதுக்கு எங்க சிஸ்டத்துல ஒரே ஒரு காரணத்துக்குத்தான் கேள்வி கேட்க மாட்டாங்க. வெளியாளோடது, தப்பா சேர்ந்துடுச்சுன்னா. கேஸ் வந்துடும்னு பயந்து உடனே எடுத்துடுவாங்க. ஆனா நீங்க வெளியாளா இருக்கணும். இந்தக் கம்பெனில எப்பவுமே இருந்ததில்லன்னு எழுதணும்."

"அப்ப ஷேர் ஆட்டோவும் வெளியாளோடதா ஆயிடுமே மேடம்" என்றான் விஜயராஜ். வியாபாரி வீட்டுப் பிள்ளை. அவன் மூஞ்சி சுவருக்கு அடிக்கிற பிரைமர் மாதிரி வெளுத்திருந்தது.

"ஆகும். அத இவரு கம்பெனிக்குன்னு எழுதிக் குடுத்துட்டா ஆகாது."

கீழே கடையில் பெயின்ட் குலுக்குகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் இதுவரை செய்ததில் மற்றவர்களுக்கு வேண்டியிருந்த ஒரே பொருளைக் கொடுத்துவிட வேண்டும். யாருக்கும் வேண்டாத ஒன்றை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு நடுவிலும் எனக்கு ஒரு அற்பக் கேள்வி வந்தது. ஷேர் ஆட்டோவில் என் பெயர் வருமா என்று கேட்டேன். காறித் துப்பியதற்குக் கையெழுத்துக் கேட்கிறேன். வெளியாள் பெயர் வராது என்றார் சரிதா.

"யோசிச்சுக்கடா" என்றான் விஜயராஜ். "அது ஓடும்டா."

"தெரியும்."

"உன்னோடது ஓடாது."

"அதுவும் தெரியும்."

சரிதா எழுத ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு எழிலைப் பார்த்தார். 'வூடு' கேமில் படம் வரைந்தது நீங்கள்தானே, கம்பெனி ஆளாகத்தானே வரைந்தீர்கள் என்று கேட்டார். இது யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவள் கம்பெனி ஆளாக வரைந்திருந்தால் கேமில் பாதி கம்பெனிக்குச் சொந்தம். அவள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். நான் உள்ளே, கேமும் உள்ளே. நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் தகுதியை நான் முன்பே கோட்டைவிட்டிருந்தேன்.

எழில் என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தைத்தான் பார்த்தாள்.

"இல்லிங்க மேடம். அது அவருக்குத் தனியா வரைஞ்சு குடுத்தது. கம்பெனிக்குன்னு வரையல."

"எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோங்க."

கையெழுத்துப் போட்டேன். ஷேர் ஆட்டோவைக் கொடுத்தேன். இந்தக் கம்பெனியில் நான் எப்போதும் இருந்ததில்லை என்றும் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்தால் ஓரளவு உண்மையாகத்தான் இருந்தது. சரிதா காகிதங்களை அடுக்கித் தட்டி வைத்தார். அடுத்த காகிதக் கட்டை எடுத்தார். எடுத்துவிட்டுத் தயங்கினார்.

"இனிமே பேசறதெல்லாம் வெளியாள் முன்னாடி பேசக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க."

நான் திரும்பிப் பார்த்தேன், திலகவதி அக்காவோ வேறு யாராவதோ வந்து நிற்கிறார்களா என்று. ஒருவரும் இல்லை. வெளியாள் நான்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கம்ப்யூட்டர் என்னுடையது, குவார்ட்டர்ஸிலிருந்து கொண்டுவந்தது. வயர்களைப் பிடுங்கினேன். விஜயராஜ் எழுந்து உதவ வந்தான், பிறகு சரிதாவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். சாயங்காலம் டீக்கடைக்கு வருவதாகச் சைகை காட்டினான். பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எழில் கூடவே வந்தாள். கீபோர்டை நான் மறந்திருந்தேன். எடுத்துவந்து பெட்டியின்மேல் வைத்தாள். அது சரியாமல் இருக்க என் மோவாயால் அமுக்கிக்கொண்டேன். அந்தக் கோலத்தில் நன்றி சொல்வது முடியாத காரியம். வாயைத் திறந்தால் கீபோர்டு விழுந்துவிடும்.

"அந்தக் கொட்டாய்க்குக் கூர வேற நிறம்ணா" என்றாள். "நான் தப்பா போட்டுட்டேன். மாத்திக் குடுக்க முடியாது இனிமே. நீங்களே பாத்து மாத்திக்கோங்க, கொஞ்சம் செவப்பு கம்மி பண்ணி."

தலையாட்ட முடியாததால் கண்ணை மூடித் திறந்தேன்.

"படி பாத்து எறங்குங்க."

உள்ளே சரிதா அவள் பெயரைக் கூப்பிட்டார். எழில் கதவைச் சாத்தினாள். சாவி ஒரு சுற்று சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு சுற்று.